அம்மா வரைந்த வாய்

அத்தை செல்போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வெளிச்சம் பத்தலை, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற" என்று யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பின்னாலிருந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"கோவப்படாதே. வந்து பாரு. வாய் நேராயிடுச்சு."

அத்தையின் குரலில் துக்கத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதைத்தான் மகளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் உங்கம்மாவை நேராக ஒரு படம் எடுக்க முடிகிறது, வாசலில் பெரிதாக்கி வைக்கலாம், வெளியூர்க்காரர்களுக்கும் அனுப்பலாம் என்று அத்தை அடுக்கிக்கொண்டே போனாள். சுற்றி நின்ற நாலைந்து பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மகள் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, போனை அத்தையின் மடியில் போட்டாள்.

விஷயம் இதுதான். இருபது வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அம்மா எழுந்தபோது முகத்தில் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. மருந்து, மின்சாரம் வைப்பது, பலூன் ஊதுவது, எல்லாம் செய்து பார்த்தார்கள். கண் ஓரளவுக்குச் சரியானது. வாய் திரும்பவில்லை, ஒரு ஓரம் கீழே இழுத்தபடியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அம்மா வீட்டில் சிரித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள், யார் கேமராவை எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாண ஆல்பம், பிறந்தநாள் படம், எதை எடுத்துப் பார்த்தாலும் பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல அம்மா திரும்பித்தான் நிற்பாள். ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை அவளுக்கு. குரல் மட்டும் போதும், முகம் வேண்டியதில்லை. அதனால் பிழைத்தேன் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

விடியற்காலையில் உயிர் போனது. இதயக் கோளாறு என்று ஒரு வாரமாக அதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தாடையில் துணி கட்டி அனுப்பினார்கள். வீட்டில் வந்து அவிழ்த்தபோது வாய் நேராக இருந்தது. உயிர் போனால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த தசைகளும் தளர்ந்துவிடும், அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்தவர் விளக்கினார். மகளுக்கு விளக்கம் புரிந்தது. ஆனால் கட்டிலில் கிடந்தது யாரோ ஒரு பெரிய இடத்து அம்மாள். லட்சணமாக, அமைதியாக, யாரையும் ஒரு வார்த்தை திட்டியிராத வாயோடு கிடந்தாள். அப்பா ஒருமுறை வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுச் சாவுக்கு வந்தவர்போல ஒரு நிமிஷம் கைகட்டி நின்றுவிட்டு, பின்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்தவர்தான். கூப்பிட்டாலும் வரவில்லை.

மகளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊரெல்லாம் பஸ் ஓட்டுகிறவள், ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சத்தம் போட்டுப் பழகியவள், இங்கே யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? அம்மா முகத்தை மாற்றிவிட்டீர்களே என்று சாவையா கேட்க முடியும்?

அப்போதுதான் அந்தப் படத்தின் நினைப்பு வந்தது.

அம்மா ஓய்வு பெற்ற மறு மாதமே ஓவியக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். இந்த வயசில் இவளுக்கு என்ன கிறுக்கு என்று அத்தை கேட்டதற்கு, உங்க வீட்டுக்கு மருமகளா வந்தப்பவே பிடிச்சது, இப்பதான் வெளியில தெரியுது என்றாள் அம்மா. இருபது வயசுப் பிள்ளைகள் நடுவில் இவள் ஒருத்தி. 'பெரியக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் வருஷத்தில் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே கரியில் வரைய வேண்டும். கண்காட்சியில் அந்தப் படங்களைப் பேர் போடாமல் வரிசையாக மாட்டுவார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா சமையலறைத் தொட்டியில் கறுப்புத் தண்ணீராகக் கை கழுவிக்கொண்டே, "இன்னிக்கு வாய் வந்துடுச்சு" என்றாள்.

என்ன வாய் என்று மகள் கேட்டாள். என் வாய்தான், வேற யார் வாய், ஒன்றரை மாசமா வரமாட்டேன்னு அடம்பிடிச்சுது, அழிச்சு அழிச்சுக் காகிதமே பஞ்சாப் போச்சு என்றாள் அம்மா. காட்டு என்று மகள் சொன்னதற்கு, சும்மா காட்ட மாட்டேன், ஊர்க்காரங்க மாதிரி நீயும் கண்காட்சிக்கு வந்து நின்னு பாரு என்றாள். சொல்லும்போது சிரித்தாள். மகளுக்கு நேராகத் திரும்பி, வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். அதற்கு அடுத்த வாரம்தான் நெஞ்சுவலி.

கண்காட்சி இன்று சாயங்காலம் திறக்கிறது. வண்டி வந்து அம்மாவை எடுத்துப் போவதும் இன்று சாயங்காலம்தான். அதற்குள் அந்தப் படம் இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும். அதைவிட, தான் பார்க்க வேண்டும். அம்மா தன் வாயை எப்படிப் பார்த்தாள் என்று தெரியாமல் இவளை அனுப்ப முடியாது.

இந்த நேரத்தில் படமா என்று அத்தை கேட்டது காதில் விழாததுபோல, மகள் அடுத்த வீட்டு மரக்கடைக்காரரின் வேன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கல்லூரி மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏணியில் ஒருவன், கீழே ஏணியைப் பிடித்தபடி ஒருத்தி, தரையெல்லாம் நூல், ஆணி, பழைய செய்தித்தாள். செய்தி அவர்களுக்குக் காலையிலேயே தெரியும். அவள் யார் என்று சொன்னதும் சுத்தியல் நின்றது. சுருட்டை முடிப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நேரா வீட்டுக்கு வரத்தான் இருந்தோம் அக்கா, இதை மாட்டி முடிச்சிட்டு வரலாம்னு நின்னோம் என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பெரியக்கா படத்தை நடுவிலே வெச்சிருக்கோம், பாருங்க என்றாள்.

மகள் பார்த்தாள்.

நெற்றி அம்மாவுடையது. வகிடு விலகிய முடி அம்மாவுடையது. ஒரு இமை கொஞ்சம் கனத்து இறங்கியிருந்ததைக்கூட அம்மா விடாமல் போட்டிருந்தாள். அந்தக் கண்கள் நேராகப் பார்த்தன. இருபது வருஷமாக ஒரு கேமராவையும் அப்படிப் பார்க்காத கண்கள். மகள் ஒரு அடி கிட்டே போனாள். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. அங்கே ஒரு அழகான வாய் இருந்தது. இரண்டு ஓரமும் ஒரே அளவு. கொஞ்சம் புன்னகை வேறு. வீட்டில் கட்டிலில் கிடக்கிற அந்தப் பெரிய இடத்து அம்மாளின் வாய்.

"இதை யார் போட்டது?"

ஏணியைப் பிடித்திருந்தவள் சுருட்டை முடிக்காரியைப் பார்த்தாள்.

"எங்கம்மா வாய் வரைஞ்சிருந்தாங்க. எனக்குத் தெரியும். அது எங்க?"

சுருட்டைதான் சொன்னாள். சொல்லும்போதே, தாங்கள் ஏதோ பெரிதாகத் தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த வகுப்பில் 'கை கொடுக்கிறது' என்று ஒரு பழக்கம் உண்டு. கண்காட்சிக்கு முன் எவன் படம் முடியாமல் நின்றாலும் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார்கள். சுவர், துணி மடிப்பு, நிழல் என்று எது பாக்கியோ அதைப் போடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. பெரியக்காவே ஏணியில் நிற்கிற அந்த ஒல்லிப் பையனின் படத்தில் செங்கல் சுவரை முழுசாகப் போட்டுக் கொடுத்தவள்தான். அவள் ஆஸ்பத்திரியில் படுத்ததும் இவர்கள் கழுத்தைப் போட்டார்கள், சட்டையைப் போட்டார்கள், பின்னால் இருட்டைப் போட்டார்கள்.

"அப்புறம் வாய்?"

"தொங்குற மாதிரி இருந்துச்சுக்கா. பாக்க வர்றவங்க யாராவது ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு… பெரியக்கா திரும்பி வந்து பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சோம். நான்தான் அழிச்சுட்டுப் போட்டேன்."

"உங்கிட்ட வந்து கேட்டாங்களா? என் வாய் நல்லா இல்ல, சரி பண்ணுன்னு?"

"இல்ல."

"சுவர்ல செங்கல் வைக்கிறதும் ஒருத்தி மூஞ்சியில கை வைக்கிறதும் உனக்கு ஒண்ணா?"

சுருட்டை அழத் தொடங்கினாள். அழாதே, நீ அழுதா எனக்கு இன்னும் கோவம் வரும் என்றாள் மகள். உண்மையாகவே வந்தது. செத்தது என் அம்மா, அழுகிறது இவளா? இந்த அழுகையைத் துடைக்கிற வேலையும் இன்றைக்கு என் தலையில்தானா? அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். பழைய வாயோடு யாராவது போனில் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எல்லோரும் அவசரமாகப் போனை எடுத்துத் தேடினார்கள். பெரியக்கா படம் எடுக்க விடமாட்டாள் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் தேடினார்கள். ஒரே ஒரு குழுப் படத்தில் பெரியக்கா படப் பலகையை வைக்கிற ஸ்டாண்டு இருந்தது. பலகையின் முதுகுதான் தெரிந்தது.

சத்தம் கேட்டு வகுப்பு எடுக்கிற மாஸ்டர் வந்தார். நரைத்த தாடி, தோளில் கரித் துணி. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னார். பிள்ளைகள் நல்ல மனசோடு செய்துவிட்டார்கள், பெரியக்கா மேல் உயிர் அவர்களுக்கு, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். நீங்கள் பார்க்கவில்லையா என்று மகள் கேட்டாள். பார்த்தேன் என்றார். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன் என்றும் சொன்னார். பொய் சொல்லாத மனுஷன், அந்த ஒன்றுதான் அவருக்குச் சொல்லிக்கொள்ள இருந்தது.

"வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான் சார் எங்கம்மாவுக்கு. தெரிஞ்சதை வரையாதே, பாக்கறதை வரைன்னு மாஸ்டர் சொன்னாரு, மாஸ்டர் சொன்னாருன்னு. அவங்க அதை நம்பிக் கண்ணாடி முன்னாடி ஒன்றரை மாசம் உக்காந்தாங்க. தன் வாயைப் பாத்தாங்க. நீங்க அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, சரி. நீங்க எதைப் பாத்தீங்க?"

மாஸ்டர் தாடியைத் தடவினார். தடவின இடமெல்லாம் கரி ஆனது.

"அழி" என்றாள் மகள் சுருட்டையிடம். "நீ போட்டதை நீயே எடு."

சுருட்டை பையிலிருந்து மாவுபோலப் பிசைகிற ரப்பர் ஒன்றை எடுத்தாள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஜன்னலோரம் வைத்தார்கள். அவள் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். புன்னகை போனது, மேலுதடு போனது. மகள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அடியில் ஏதாவது இருக்கும், அம்மா அழுத்திப் போட்ட கோடு காகிதத்தில் பள்ளமாகவாவது நிற்கும் என்று அவள் நம்பினாள். மாஸ்டரும் அதையேதான் நம்பினார். படத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காகிதம் ஏற்கெனவே பஞ்சாகிப்போயிருந்தது. எதுவும் வரவில்லை. மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு மட்டும் மிஞ்சியது.

மாஸ்டர், வேண்டுமானால் நினைவிலிருந்து நான் போட்டுத் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. கரி உதிராமல் இருக்க மருந்தாவது அடித்துத் தருகிறேன் என்றார். இதற்கு மேல் இந்தப் படத்தில் ஒருத்தரும் ஒன்றும் போட வேண்டாம், தூசிகூடப் போட வேண்டாம் என்றாள் அவள். கொஞ்சம் பட்டாலும் கரி ஒட்டிக்கொண்டு வந்துவிடுமே, யாராவது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாக வேண்டுமே என்று ஒல்லிப் பையன் சொன்னான். நான் வர்றேன் என்றாள் சுருட்டை. மகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக இஷ்டமே இல்லை. ஆனால் வேன் ஓட்டிக்கொண்டே படத்தைப் பிடிக்க அவளுக்கு மூன்றாவது கை கிடையாது.

வண்டி கிளம்பியது. சுருட்டை முன்சீட்டில் பலகையை முழங்காலில் நிறுத்தி, விரல் நுனியால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மகள் பிரேக்கை அமுக்கி, வண்டியை மெதுவாக விட்டாள். ஒரு சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"வகுப்புல எப்படி உக்காருவாங்க?"

"யாரு, பெரியக்காவா?"

"மூஞ்சியைத் திருப்பிக்குவாங்களா?"

சுருட்டைக்குக் கேள்வி புரியவில்லை. "இல்லக்கா. நேராத்தான் உக்காருவாங்க. எங்களுக்கு வரையறதுக்கு ஆள் கிடைக்கலன்னா அவங்களே வந்து உக்காந்துடுவாங்க. டீ குடிச்சிட்டே, எங்களைக் கிண்டல் பண்ணிட்டே. ஏன்?"

மகள் ஹாரனை அழுத்தினாள். முன்னால் நின்ற கார்க்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. சிக்னல் இன்னும் சிவப்பில்தான் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார். அவள் இன்னொரு தடவை அழுத்தினாள். இருபது வருஷம் தங்களிடம் திருப்பிக்கொண்ட முகத்தை இந்தப் பொடிசுகளுக்கு முன்னால் நேராக வைத்துக்கொண்டு டீ குடித்திருக்கிறாள். அம்மா மேலேயும் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் இவ்வளவு கோபம் வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வந்தது, அடக்கவும் தோன்றவில்லை.

வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு மகள் படத்தைச் சாய்த்து வைத்தாள். அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"வாய் எங்கடி?"

"அழிச்சுட்டாங்க."

சுருட்டை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"ஐயோ, வாயில்லாமயா கொண்டுவந்து வைப்பே? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? எடுத்து உள்ள வை. அங்க பாரு, அவளே எவ்வளவு லட்சணமா படுத்திருக்கா. போற நேரத்துலயாவது நேரா ஆச்சேன்னு நாங்க…"

"அத்தை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பின்னால் நின்ற மரக்கடைக்காரருக்குத் தோன்றியது.

"இருபது வருஷமா அந்த வாயாலதான் என்னைத் திட்டினாங்க. அந்த வாயாலதான் சாப்பிட்டியான்னு கேட்டாங்க. நீங்க எல்லாரும் அதைப் பாத்துப் பாவம் பாவம்னு சொல்லிச் சொல்லியே அவங்க ஒரு போட்டோவுக்கு நிக்கல. உங்களுக்கு அது கோணல். எனக்கு அதுதான் அம்மா. நேரா இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க உக்காந்து அழுங்க."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நான் என்ன கெடுதலா சொன்னேன் என்று பக்கத்திலிருந்தவளிடம் முனகினாள். அவள் கெடுதலாகச் சொல்லவில்லைதான். ஒருத்தருமே கெடுதலாகச் செய்யவில்லை. அதுதான் மகளுக்கு வயிற்றெரிச்சல். ஒரு எதிரி இருந்தால் அடிக்கலாம், எல்லோரும் அம்மா மேல் பிரியம் வைத்தவர்களாக இருந்து தொலைக்கிறார்கள்.

பேச்சுச் சத்தம் பின்பக்கம் எட்டியிருக்க வேண்டும். அப்பா குழாயடியிலிருந்து எழுந்து வந்தார். வேட்டி ஓரம் நனைந்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. கட்டிலைத் தாண்டி அவர் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். கட்டிலைப் பார்க்கவில்லை. கண்களைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், அந்த வகிட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாற்காலி தாழ்வாக இருந்ததால் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அம்மா டீ குடிக்கும்போது இழுத்த ஓரத்தில் கொஞ்சம் வழியும். அவள் கை எழுவதற்குள் பக்கத்திலிருக்கிற அப்பாவின் கை போய் ஒற்றிவிட்டு வந்துவிடும். வீட்டிலும் சரி, விருந்திலும் சரி, எதிரே இருக்கிறவரோடு பேச்சை நிறுத்தாமலே செய்வார். பேசுகிறவர்களும் கவனித்ததில்லை. இப்போதும் அப்படித்தான், கை தானாகப் போனது. சாம்பல் திட்டின் ஒரு ஓரத்தில், கொஞ்சம் கீழே தள்ளி, கைக்குட்டையை வைத்து ஒற்றினார்.

படத்தைத் தொடாதீங்க என்று சொல்ல மகளின் வாய் திறந்தது. சுருட்டை ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். மகள் கையை நீட்டி அவளை நிறுத்தினாள்.

அப்பா கைக்குட்டையைக் கறுப்புப் பக்கம் உள்ளே போக மடித்து, பையில் வைத்துக்கொண்டார். கரி ஒட்டிக்கொண்டு வந்த இடத்தில் காகிதம் தெரிந்தது. சாம்பலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று, ஓரத்தில், கீழ்நோக்கி.

மகள் சுவரோரம் இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, படத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்குப் போட்டாள்.